சனிக்கிழமை காலையைப் பிள்ளைகளின் கைகளுக்குக் கொடுங்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் பள்ளி வாரியங்களுக்கும்,

வணக்கம்.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் தேர்வை மலேசிய அரசாங்கம் 2021இலேயே எடுத்துவிட்டது. மறு ஆண்டே, இடைநிலைப்பள்ளியின் மூன்றாம் படிவத்தில் எழுதிவந்த பிடி3 தேர்வும் போயிற்று. ஆனாலும் நம் பிள்ளைகள் சனிக்கிழமை காலையிலும் டியூஷனில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமையையாவது கைத்தொழில் பழகுவதற்கு ஒதுக்குங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

பெற்றோர் ஏன் தயங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நானும் ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டில் வளர்ந்தவள்தான். அம்மா பால்மரம் வெட்டினார். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் சரியாக வெட்ட முடியாது. மேலாகச் சீவினால் பால் இறங்காது. விடிவதற்கு முன்னால், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த அளவு தப்பாமல் வெட்டிய கை அது. அப்படிப்பட்ட கைக்குக் கிடைத்ததெல்லாம் குறைந்த கூலியும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வாங்கிய ஏச்சும்தான். "நீ கத்தியத் தொடக்கூடாது, படி" என்று அம்மா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் கூலிப் பிழைப்பை வெறுத்த நாம், கைவேலையையும் சேர்த்து வெறுத்துவிட்டோம்.

அதன் விளைவை என் தையற்கடையில் பார்க்கிறேன். அண்மையில் இஸ்திரிப் பெட்டியின் பிளக் கருகிப்போனது. தன் அம்மாவின் ரவிக்கையை வாங்க வந்திருந்த பையனிடம் புது பிளக்கையும் திருப்புளியையும் கொடுத்து, மாட்டித் தரச் சொன்னேன். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் இயற்பியலில் 'ஏ' எடுத்தவன். மின்சுற்றை வரையச் சொன்னால் வரைந்துவிடுவான். திருகாணியை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்று அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தேன்: பழுப்புக் கம்பி ஃபியூஸ் இருக்கும் பக்கம், நீலம் எதிர்ப்பக்கம், பச்சை மஞ்சள் மேலே எர்த்துக்கு, ஃபியூஸ் 13 ஆம்பியர். பெட்டி சூடேறியதும் அவன் முகம் அப்படி மலர்ந்தது. "இதெல்லாம் யாருமே சொல்லித் தரலக்கா" என்றான். இந்தப் பிள்ளைகளைச் சோம்பேறி என்று திட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. கற்றுக்கொடுக்காதது யார்?

இடைநிலைப்பள்ளியில் முன்பு வாழ்வியல் திறன் பாடம் இருந்தது. மரவேலை, மின்வேலை, குழாய் வேலை, தையல் எல்லாவற்றையும் பிள்ளைகள் கொஞ்சமாவது தொட்டுப் பார்த்தார்கள். 2017இல் படிவம் ஒன்று தொடங்கி அதன் இடத்துக்கு 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்ற பாடம் வந்தது. அதுவும் தேவையான பாடம்தான். ஆனால் பலகையை நேராக அறுக்கக் கை பழக வேண்டும், அதற்கு நேரம் வேண்டும்.

கற்றுக்கொடுக்க ஆளில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். தோட்டத்து ஆலைகளில் இயந்திரங்களைப் பொருத்தும் பிட்டராக இருந்தவர்களும், லோரி பழுது பார்த்தவர்களும், தச்சர்களும் இந்த ஊரில்தான் ஓய்வில் இருக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்குக் கீற்று முடைந்து மூங்கில் நட்டுப் பந்தல் போட்டவர்கள் அவர்கள்; இன்று நாம் கூடாரத்தை வாடகைக்கு எடுக்கிறோம். இவர்களிடம் சான்றிதழ் இல்லையே என்று யோசித்தால் அதற்கும் வழி இருக்கிறது. பல ஆண்டு அனுபவத்தை மதிப்பிட்டு, வகுப்பில் உட்காராமலேயே மலேசியத் திறன் சான்றிதழ் பெறும் முறையைத் திறன் மேம்பாட்டுத் துறை வைத்திருக்கிறது. விண்ணப்பத்தை நிரப்ப வாரியம் உதவினாலே அவர்களுக்குப் பெரிய துணை.

ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று பிரிக்காதீர்கள். பையன்களும் பொத்தான் தைக்கட்டும், பெண் பிள்ளைகளும் சுத்தியல் பிடிக்கட்டும்.

என் கடையில் இரண்டு மிதி மெஷின்கள் சும்மா கிடக்கின்றன. எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். எந்தச் சனிக்கிழமை, எந்தப் பள்ளி என்று முடிவானதும் சொல்லுங்கள். வேன் பிடித்து அனுப்பிவிட்டு நானும் வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் தையற்காரி ஒருத்தி