கஷ்டப்பட்டால்தான் எழுத்து வருமா?

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் ஜப்பானிய நாவலாசிரியர் ஹாருகி முரகாமி பற்றிய கட்டுரையைப் படித்தேன். நாவல் எழுதும் நாட்களில் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து ஐந்தாறு மணி நேரம் எழுதி, ஓட்டமோ நீச்சலோ முடித்து, அப்புறம் புத்தகம், இசை என்று பொழுதைக் கழித்து, இரவு 9 மணிக்கே படுத்துவிடுகிற மனிதரை வலி தெரியாதவர் என்பதுபோல் முடித்திருப்பது சரியில்லை. அந்தச் சின்னச் சின்ன சந்தோஷங்கள்தான் அவரை மறுநாளும் மேசைக்கு இழுத்து வருகின்றன. வறுமையும் குடியும் இருந்தால்தான் எழுத்து வரும் என்ற நம்பிக்கை எத்தனை பேரைக் கெடுத்திருக்கிறது!

கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்து தருவது என் தொழில். காலையில் டீ குடித்துவிட்டு தினமும் இரண்டு பக்கம் எழுதுகிறவரின் நோட்டில் கடைசி அத்தியாயம் வரை கையெழுத்து ஒரே சீராக இருக்கும், அவர்தான் நாவலை முடித்தும் கொடுக்கிறார். நம் நாவலாசிரியர்களிடமும் எப்போது எழுதுகிறீர்கள், மிச்ச நேரத்தில் எதில் சந்தோஷம் என்று கேட்டு வாரம் ஒருவராக வெளியிடுங்கள்.