வளவாளருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? யாழ். மாவட்ட அதிபர்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்களுக்கும், பழைய மாணவர் சங்க நிர்வாகத்தினருக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களில் இருக்கிற என்னைப் போன்ற பெற்றோருக்கும் வணக்கம்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு ஒருமுறை, பெறுபேறு வந்த கையோடு இன்னொருமுறை, உங்கள் மண்டபங்களில் 'உயர்கல்வி வழிகாட்டல் கருத்தரங்கு' என்று நடக்கிறதே, அதில் பேச வருகிற வளவாளருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மேடையில், மைக்கில், அவர் வாய் திறக்க முதலே சொல்லுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

நான் நகரில் ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறவன். கல்யாணக் காட், அந்தியேட்டிக் கல்வெட்டு, பரிசளிப்பு விழா மலர், ரியூசன் பதாகை எல்லாம் எங்கள் கையால்தான் போகின்றன. கல்வி நிறுவனங்களின் வேலை எங்களுக்கு நல்ல வரும்படி, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அந்த வேலையைச் செய்கிறபடியால்தான் அது எப்படி நடக்கிறது என்றும் தெரியும். கொழும்பில் இருக்கிற ஒரு மக்கள் தொடர்பு நிறுவனம் ஒரு கோப்பு அனுப்பும். நோட்டீஸ், பதாகை, முகநூல் பதிவு, பத்திரிகைக்குரிய செய்தி எல்லாம் அதற்குள் தயாராக இருக்கும், பாடசாலையின் பெயருக்கும் இலச்சினைக்கும் மட்டும் இடம் வெறுமையாக விட்டிருப்பார்கள். கருத்தரங்கு நடக்க முதலே "மாணவர்கள் பெருந்திரளாகக் கலந்துகொண்டு பயன்பெற்றனர்" என்று செய்தி எழுதி வந்துவிடும். படம் மட்டும் பிறகு வரும், மங்கல விளக்கேற்றுகிற படம். மூலையில் 'விளம்பரம்' என்று சின்னதாகப் போடட்டுமா என்று கேட்டால், வேண்டாம் தம்பி, செய்தி மாதிரியே இருக்கட்டும், எழுத்துருவும் அந்தப் பத்திரிகையின் எழுத்துரு மாதிரியே எடுங்கோ என்பார்கள்.

இதில் சட்டவிரோதம் என்று எதையும் நான் சொல்லவில்லை. விற்கிறவன் விற்கத்தான் செய்வான். தை மாதம் முற்றவெளியில் வர்த்தகக் கண்காட்சி நடக்கிறது, அங்கேயும் கல்வி நிறுவனங்கள் கடை போடுகின்றன, பலூனும் பையும் கொடுக்கின்றன, போகிற சனத்துக்கு அது கடை என்று தெரியும். விலை கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள். உங்கள் மண்டபத்தில் அப்படி இல்லை. அங்கே அதிபர் பக்கத்தில் இருக்கிறார், பாடசாலைக் கீதம் பாடியாயிற்று, பின்னால் இலச்சினை தொங்குகிறது. பதின்மூன்று வருடம் இந்தப் பாடசாலை சொன்னதை நம்பி வந்த பிள்ளை இதையும் நம்பத்தான் செய்யும். அந்த நம்பிக்கையைத்தான் அவர்கள் வாடகைக்கு எடுக்கிறார்கள், அதுவும் ஒரு மல்டிமீடியா புரொஜெக்டர் விலைக்கு, அல்லது விளையாட்டுப் போட்டிக்கு ரீசேர்ட் அடித்துக் கொடுத்த செலவுக்கு.

கருத்தரங்கு முடிந்ததும் ஒரு படிவம் கொடுப்பார்களே, அதை வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? நான் அச்சடித்த ஒன்றில் பெயர், பாடப்பிரிவு, வட்ஸ்அப் இலக்கம், தகப்பனின் தொழில் எல்லாம் கேட்டிருந்தது. சரி, போகட்டும். கடைசிக்கு முதல் நிரல்: "வெளிநாட்டில் நெருங்கிய உறவினர் உள்ளனரா? எந்த நாடு?" கனடாவில் மாமா, சுவிஸில் சித்தி என்று எங்கள் பிள்ளைகள் வெள்ளந்தியாக எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். யார் வீட்டில் காசு கட்ட ஆள் இருக்கிறது என்ற பட்டியல் பாடசாலை மண்டபத்திலேயே, வகுப்பாசிரியர் வரிசையில் நின்று சேர்த்துக் கொடுக்க, இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வந்தது, ஆனால் அது முழுதாக நடைமுறைக்கு வருவது தள்ளித் தள்ளிப் போனது. சட்டம் முழுதாக நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டிய தேவை அதிபருக்கு இல்லை. படிவம் கொடுக்கக் கூடாது என்றால் கூடாதுதான்.

அடுத்தது கொமிசன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு ஆள் சேர்க்கிற முகவர்களுக்குப் பொதுவாக, சேர்கிற மாணவர் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு போகிறது. தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறவர் "உனக்கு இது சரிவராது பிள்ளை, நீ இங்கேயே படி" என்று சொல்வாரா? அமெரிக்காவில் இதற்கு ஒரு சட்டமே இருக்கிறது. அரச நிதியுதவி பெறுகிற கல்லூரிகள் மாணவரைச் சேர்த்த எண்ணிக்கைக்கு ஏற்ப ஆட்களுக்குக் கொமிசன் கொடுக்கக் கூடாது என்று 1992இல் உயர்கல்விச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் அதே சட்டத்தில் ஒரு விதிவிலக்கு: வெளிநாடுகளில் இருக்கிற வெளிநாட்டு மாணவரைச் சேர்ப்பதற்கு இந்தத் தடை பொருந்தாது. தங்கள் பிள்ளைகளுக்குக் கூடாது என்று தடுத்ததை எங்கள் பிள்ளைகளுக்குப் பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள். இதை நான் முதலில் வாசித்தபோது உண்மையாகவே சிரிப்புத்தான் வந்தது.

இப்போது லொபி, அதாவது முடிவெடுக்கிறவர்களிடம் ஆள் வைத்துப் பேசிக் காரியம் சாதிப்பது. அந்தச் சொல்லைக் கேட்டதும் பாராளுமன்றமும் கோட் சூட் போட்டவர்களும் ஞாபகம் வருவார்கள். அதுவும் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதவர்கள் தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்க 2017இல் அரசு வட்டியில்லாக் கடன் திட்டம் தொடங்கியது. எந்த நிறுவனம், எந்தப் பாடநெறி அதற்குள் அடங்கும் என்பதில் எவ்வளவு காசு தங்கியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள், யார் யார் எந்தக் கதவைத் தட்டியிருப்பார்கள் என்று விளங்கும். 1981இல் வடகொழும்பு தனியார் மருத்துவக் கல்லூரி வந்து 1989இல் அரசுடைமையானதும் சரி, மாலபே தனியார் மருத்துவக் கல்லூரி 2018இல் முடிவுக்கு வந்ததும் சரி, தனியார் மருத்துவக் கல்வி வேண்டுமா வேண்டாமா என்ற அந்தச் சண்டைகள் வெளிச்சத்தில் நடந்தன. யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று நாடு பார்த்தது. எனக்குப் பயம் அந்தச் சண்டையில் இல்லை, சத்தமே இல்லாமல் நடப்பதில்தான். யாழ்ப்பாணத்தில் அது எப்படி நடக்கிறது? பழைய மாணவர் சங்கத்தின் உப தலைவர் ஒருவர், அவரே ஒரு நிறுவனத்தின் வடமாகாண இணைப்பாளர். சங்கத்தின் கடிதத் தலைப்பில் அதிபருக்குக் கோரிக்கை, வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு பிரதி, அனுமதி ரெடி. அவர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை, பாடசாலைக்கு உழைத்தவராகவும் இருப்பார். ஆனால் அந்தக் கூட்டத்தில் அவர் எந்தத் தொப்பியோடு இருந்தார் என்று கூட்டக் குறிப்பில் ஒரு வரி இருக்காது.

இங்கிலாந்தில் 2014இல் சட்டம் கொண்டுவந்து, பிறருக்காகக் காசு வாங்கிக்கொண்டு அமைச்சர்களிடம் பேசுகிற நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும், மூன்று மாதத்துக்கொருமுறை வாடிக்கையாளர் பெயரைச் சொல்ல வேண்டும் என்று வைத்தார்கள். அதிலும் பெரிய ஓட்டை, கொம்பனியின் சொந்த ஊழியர் போய்ப் பேசினால் பதிவு தேவையில்லை. அமெரிக்காவில் 1995 முதல் இருக்கிற சட்டத்தின்படி எவ்வளவு காசு, எந்தச் சட்டமூலம் என்பதும் எழுத வேண்டும், பல்கலைக்கழகங்களின் பெயரே அந்தப் பட்டியலில் இருக்கிறது. எங்கள் நாட்டில் இப்படி ஒரு பதிவேடு கிடையாது. கொழும்பு அதைச் செய்யும்போது செய்யட்டும். உங்கள் காரியாலயத்தில் லொக் புத்தகம் இருக்கிறதுதானே? வந்தவர் யார், எந்த நிறுவனம், அவரை அனுப்பியது யார், பாடசாலைக்கு என்ன தந்தார்கள். நாலு வரி.

ஸ்மார்ட் போர்ட் அன்பளிப்புகளையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் செயலி இலவசம், அடுத்த வருடம் பெற்றோரிடம் சந்தா. 2023இல் யுனெஸ்கோ வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை முழுவதும் கல்வித் தொழில்நுட்பம் பற்றியது. இங்கிலாந்தில் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களில் 7 சதவீதம் மட்டுமே தங்கள் பொருளை முறையான ஒப்பீட்டுச் சோதனைக்கு உட்படுத்தியிருந்தன என்றும், கிடைக்கிற ஆதாரத்தில் பெரும்பகுதி விற்கிறவர்களிடமிருந்தே வருகிறது என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து இந்தியாவில், குழந்தைகளுக்குக் கோடிங் சொல்லிக்கொடுக்கிற வைட்ஹாட் ஜூனியர் நிறுவனத்தின் விளம்பரங்களில் 2020இல் ஒரு சிறுவன் வந்தான், கூகுளில் பெரிய சம்பளத்தில் வேலை கிடைத்தவனாம். விளம்பரத்துக்கு விளம்பரம் அவன் வயதும் மாறியது, சம்பளமும் மாறியது. கடைசியில் அப்படி ஒரு பிள்ளையே இல்லை. அதே ஆண்டு அந்த நிறுவனத்தை, இணையவழிக் கல்வி விற்கிற இந்திய நிறுவனமான பைஜூஸ் 30 கோடி டொலருக்கு வாங்கியது. பைஜூஸ் 2022 உலகக்கிண்ண உதைபந்தாட்டத்துக்கு அனுசரணை கொடுத்தது, 2024இல் வங்குரோத்து நடவடிக்கைக்குள் போய்விட்டது. அவ்வளவு பெரிய விளம்பரத்துக்குப் பின்னால் அவ்வளவுதான் இருந்தது.

எங்கள் பதாகைகள் அந்த அளவுக்கு இல்லை, ஆனாலும் பெறுபேறு வந்த அடுத்த நாள் நீங்கள் பரமேஸ்வராச் சந்தியில் நின்று பார்த்தால் ஒரே பிள்ளையின் முகம் வேறு வேறு ரியூட்டரிகளின் பதாகையில் சிரித்துக்கொண்டிருக்கும். ஒன்றில் முழுநேர மாணவி, மற்றதில் கடைசி நேரக் கருத்தரங்குக்கு மட்டும் போனவள். பாடசாலையில் படிப்பித்த சேரும் மிஸ்ஸும் எந்தப் பதாகையிலும் இல்லை. இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு அதிகார சபை 2024 நவம்பரில் இதற்கு ஒரு வழிகாட்டல் கொண்டுவந்தது. சித்தியடைந்த பிறகு அந்த மாணவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் படம் போடக் கூடாது, அவர் எந்தப் பாடநெறியை எவ்வளவு காலம் படித்தார், காசு கட்டிப் படித்தாரா என்பதையும் விளம்பரத்தில் சொல்ல வேண்டும். அச்சகக்காரனாகச் சொல்கிறேன், அந்தத் தகவலைப் போட ஒரு பதாகையில் தாராளமாக இடம் இருக்கிறது.

பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளை என்ன செய்கிறது, வழி காட்ட யாராவது வரத்தானே வேண்டும் என்று ஒரு அதிபர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. தகுதி பெறுகிற எல்லாருக்கும் இடமில்லை, 40 சதவீதம் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரித்துக் கொடுத்தும் பெரும்பாலானோர் வெளியேதான் நிற்கிறார்கள். தனியாரில் நல்ல நிறுவனங்களும் இருக்கின்றன. ஆனால் யாழ்ப்பாணத்திலேயே உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம் இருக்கிறது, உயர் தேசிய டிப்ளோமா அரச செலவில் படிக்கலாம். தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, கோப்பாயில் கல்வியியல் கல்லூரி இருக்கிறது, திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் இருக்கிறது, கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் உதவியோடு கட்டிய தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது. இவற்றில் ஒன்றுக்காவது நான் ஒரு வர்ண நோட்டீஸ் அடித்த ஞாபகம் இல்லை. அவர்களுக்கு மக்கள் தொடர்பு நிறுவனம் வைக்கக் காசில்லை, அதனால் உங்கள் மேடையிலும் அவர்கள் இல்லை. ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் விரிவுரையாளர் ஒருவர் பஸ்ஸில் வந்து பேசிவிட்டுப் போவார்.

தனியாரைக் கூப்பிடுவதென்றால் கூப்பிடுங்கள், ஆனால் முதலில் எழுத்தில் கேளுங்கள்: பட்டம் தருவது யார்? உள்நாட்டுப் பட்டம் என்றால் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் பட்டம் வழங்க அங்கீகாரம் உண்டா? வெளிநாட்டுப் பட்டம் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்கிறோம் என்று ஒரு சான்றிதழைக் காட்டுவார்கள், பார்க்க அழகாக இருக்கும், எங்கள் அச்சகத்துக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. தொழிற்பயிற்சி என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். சங்கத்துக்காரருக்கு ஒரு வேண்டுகோள்: உங்களில் யாராவது அந்த நிறுவனத்தில் சம்பளமோ கொமிசனோ வாங்கினால் அதை முதலில் சொல்லுங்கள், அந்த விஷயம் முடிவாகும் வரைக்கும் வெளியே போய் ஒரு தேத்தண்ணி குடியுங்கள். பெற்றோருக்கும் ஒன்று: அரச பாடசாலையும் பகிரங்க அதிகார சபைதான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி யாருக்கு, என்ன நிபந்தனையில் மண்டபம் கொடுத்தீர்கள் என்று நாங்கள் எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். அந்த அளவுக்குப் போகாமல் அதிபர்கள் தாங்களாகவே சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நல்லது.

இன்னொரு விஷயம். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் அரச இணையத்தளங்களில் கிடக்கிறது, உயர்தர வகுப்பு அறிவித்தல் பலகையில் அதை நான் எங்கும் காணவில்லை. எந்தப் பாடசாலையாவது அந்தக் கோப்பைத் தரவிறக்கித் திகதியோடு அனுப்பினால், யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் எந்த வலயமானாலும் சரி, பெரிய எழுத்தில், ஏ3 தாளில், தமிழில் வடிவமைத்து அச்சடித்துத் தருகிறேன். முதலாளியிடம் கேட்டுவிட்டேன். தாள் காசு மட்டும் தந்தால் போதும், தீவகப் பாடசாலைகளுக்கு அதுவும் வேண்டாமாம்.

இப்படிக்கு,
உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளையின் தகப்பன், அச்சகத் தொழிலாளி
யாழ்ப்பாணம்