அருவியைப் போட்டால் ஆற்றையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் போதும், எல்லாப் பத்திரிகைகளிலும் கேரளத்து அதிரப்பள்ளி அருவி வந்துவிடும். உங்கள் பத்திரிகையும் விலக்கில்லை. முக்கால் பக்கத்துக்கு வண்ணப்படம், பொள்ளாச்சியிலிருந்து எப்படிப் போவது, எங்கே தங்கலாம், எங்கே மீன் சாப்பாடு நன்றாக இருக்கும், அவ்வளவுதான் விஷயம். போகச் சொல்வதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நாங்களும் குடும்பத்தோடு போகிறவர்கள்தான். ஆனால் அந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது, யார் திறந்தால் வருகிறது, யார் அடைத்தால் குறைகிறது என்று ஒரு வரிகூட எழுதமாட்டேன் என்கிறீர்களே, அதுவும் கோவை, திருப்பூர் பக்கத்து ஆட்கள் படிக்கிற பதிப்பிலேயே, அதுதான் எனக்குப் புரியவில்லை.

அதிரப்பள்ளியில் விழுவது சாலக்குடி ஆறு. உயரம் சுமார் 80 அடிதான், அதைவிட உயரமான அருவிகள் இருக்கின்றன, இங்கே மலைக்க வைப்பது அகலமும் அதைச் சுற்றியிருக்கும் காடும். இந்த ஆற்றுக்கு மேலிருந்து வந்து சேரும் கிளைகளில் முக்கியமானவை சோலையாறும் பரம்பிக்குளம் ஆறும். இந்தப் பெயர்களை நம் ஊர் விவசாயிக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று காத்திருக்கிறோமே, அந்தத் தண்ணீரின் பெரும்பகுதி இந்த ஆறுகளிலிருந்து திருப்பிக் கொண்டுவந்ததுதான். மேல் சோலையாறு அணை வால்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பரம்பிக்குளம் அணை இருப்பது கேரள மண்ணில், நடத்துவது தமிழ்நாடு. அங்கேயிருந்து சுரங்கம் வழியாகவும் மலையோரக் கால்வாய் வழியாகவும் திருமூர்த்தி அணைக்கு வந்து, அப்புறம் உடுமலை, பல்லடம், காங்கேயம் என்று போகிறது. 1970-இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி கேரளத்துச் சோலையாறு அணைக்கு ஆண்டுக்கு 12.3 டிஎம்சி நாம் விட வேண்டும். ஆக, நம் வாய்க்காலுக்கு வந்தது போக மிச்சமும் கீழ்க்காட்டில் பெய்கிற மழையும் சேர்ந்துதான் அங்கே அருவியாக விழுகிறது. இதைச் சொல்லிவிட்டுப் படத்தைப் போட்டால் படம் ஒன்றும் அழகு குறைந்துவிடாது.

இன்னொன்று. அருவிக்கு மேலே கொஞ்ச தூரத்தில் பெரிங்கல்குத்து அணை இருக்கிறது, 1957-இல் வந்த மின்திட்டம். மழைக்காலத்தில் இதன் வேலை கண்ணுக்குத் தெரியாது. கோடையில் போனால் தெரியும். மின்சாரத் தேவை சாயங்காலத்துக்கு மேல்தான் ஏறும் என்பதால் பகலில் தண்ணீரைப் பிடித்து வைத்து, தேவைப்படும் நேரத்தில் ஓட்டுவார்கள். அதனால் ஒரே நாளில் ஆறு வற்றியும் தெரியும், பெருகியும் தெரியும். ஏப்ரல் மாதம் காலையில் போய்ப் பாறையில் நாலு கோடாக ஒழுகுவதைப் பார்த்துவிட்டு 'இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்' என்று சலித்துக்கொள்கிறவர்களை எப்போது போனாலும் பார்க்கலாம். சலிப்பு பரவாயில்லை. மேலே ஆற்றுக்குள் பாறைகளில் இறங்கி உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு, வானம் வெளுத்திருக்கும்போதே தண்ணீர் ஏறும் என்பது தெரியாது. காவலுக்கு நிற்பவர்கள் விசில் அடித்தால், 'மழையே இல்லையே, எதுக்கு விரட்டுறாங்க' என்று வாதாடுகிறார்கள். தப்பு அவர்கள்மேல் மட்டும் இல்லை, அருவி என்றால் மழை என்றுதானே நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம்?

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பெரிங்கல்குத்து அணையின் மேலேயே தண்ணீர் வழிந்து ஓடியது, மரங்கள் வந்து அடைத்துக்கொண்டன, கீழே சாலக்குடி ஊர் மூழ்கியது. அது கேரளத்து வெள்ளம் என்று நாம் படித்துவிட்டு விட்டோம். சரி, 2022 செப்டம்பர் 21 அதிகாலை நடந்தது? பரம்பிக்குளம் அணையின் ஒரு மதகு அப்படியே பிய்த்துக்கொண்டு போய், விநாடிக்கு சுமார் 20,000 கன அடி தண்ணீர் இதே சாலக்குடி ஆற்றில் இறங்கியது. நம் அரசு பராமரிக்கிற அணை. நம் பாசனத்துக்கு வைத்திருந்த தண்ணீர். கீழே ஆற்றோரத்து மக்களை எச்சரித்து அலைந்தது கேரளத்துக்காரர்கள். அன்று நம் பத்திரிகைகளில் எத்தனை டிஎம்சி வீணாகப் போயிற்று என்றுதான் பெரிய எழுத்தில் வந்தது. வீணாக எங்கே போயிற்று, அதிரப்பள்ளி வழியாகத்தான் போயிற்று.

அங்கே புதிதாக ஒரு அணை கட்டும் பேச்சு பல வருஷமாக இருப்பது உங்கள் வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 163 மெகாவாட் திட்டம். அருவிக்கு மேலே அணை கட்டி, தண்ணீரைச் சுரங்கத்தில் கொண்டுபோய், அருவியைத் தாண்டிக் கீழே மின்நிலையத்தில் விடுவது. அருவிக்கென்று ஒரு அளவு தண்ணீர் விட்டுவிடுவோம் என்று கேரள மின்வாரியம் சொன்னது. அதாவது அருவிக்கு ரேஷன் அட்டை. வழக்குகள் நடந்தன, அனுமதி கொடுப்பதும் ரத்தாவதும் மாறிமாறி வந்தது, 2011-இல் மேற்குத் தொடர்ச்சி மலையை ஆராய்ந்த மாதவ் காட்கில் குழு வேண்டாம் என்று சொன்னது, 2020-இல் கேரள அரசு மின்வாரியத்துக்கு மறுபடி தடையில்லாச் சான்று கொடுத்தது, மறுபடி எதிர்ப்பு. எனக்கு மின்சாரம் வேண்டாம் என்றில்லை. ஏற்கெனவே இத்தனை அணைகளைச் சுமக்கும் ஆற்றில் மிச்சம் இருப்பதையும் எடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. அந்த ஆற்றின் மேல்பகுதியை முதலில் திருப்பி எடுத்தவர்களில் நாமும் இருப்பதால், இது அவர்கள் மாநிலத்துப் பிரச்சினை என்று நாம் ஒதுங்கிக்கொள்வது நியாயமாகப் படவில்லை.

மூழ்கப்போவது என்ன என்றும் சொல்ல வேண்டும். வாழச்சால் வனக்கோட்டத்தில் ஆற்றோரமாகத் தாழ்வான இடத்திலேயே அடர்ந்த காடு நிற்கிறது, இந்த மாதிரி ஆற்றோரக் காடுகள் மற்ற இடங்களில் பெரும்பாலும் போய்விட்டன. தென்னிந்தியாவில் இருக்கும் நான்கு வகை இருவாச்சிப் பறவைகளும் இங்கே இருக்கின்றன. பெட்டை இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், சேவல் வெளியிலிருந்து சின்ன இடுக்கு வழியாகப் பழம் ஊட்டும். அதற்குப் பெரிய பழைய மரம் வேண்டும், நட்டு வளர்க்கிற சமாச்சாரம் இல்லை. இந்தக் கூடுகளைக் காவல் காக்கிறவர்கள் அங்கேயே வாழும் காடர் பழங்குடி மக்கள். நம் ஆனைமலைப் பக்கத்திலும் இருக்கும் அதே காடர்கள்தான். முன்பு அணைகள் வந்தபோதெல்லாம் இடம் மாறி மாறி வந்தவர்கள், இந்த அணையும் வந்தால் வாழச்சாலிலும் பொகலப்பாறையிலும் இருப்பவர்கள் திரும்பவும் மூட்டை கட்ட வேண்டும். ஆற்றில் நூறு வகைக்கு மேல் மீன் வேறு. இதையெல்லாம் பார்க்காமல் அருவியை மட்டும் பார்த்துவிட்டு வருவதற்கு, அவ்வளவு தூரம் காட்டுக்குள் போக வேண்டுமா என்று எனக்குத் தோன்றும்.

போகிற வழியைப் பற்றியும் கொஞ்சம். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறை, அங்கேயிருந்து சோலையாறு அணை, மலக்கப்பாறை, அப்புறம் வாழச்சால் வரைக்கும் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் காடுதான். இதை நீங்கள் 'த்ரில்லான பயணம்' என்று எழுதுகிறீர்கள். 2022 நவம்பரில் இந்தச் சாலையில் கபாலி என்று பெயர் வைத்திருக்கும் கொம்பன் யானை எதிரே நடந்து வர, ஒரு தனியார் பேருந்தை அதன் ஓட்டுநர் எட்டு கிலோமீட்டர் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனார். அந்த மனுஷனின் நிதானத்துக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். அதே சாலையில்தான் நம் ஊர் எண் போட்ட வண்டிகளை ஓரமாக நிறுத்தி, பாட்டுப் போட்டு, கட்டுச்சோற்றைப் பிரித்து உட்காருகிறோம். குரங்குக்கு முறுக்கு வேறு. பாட்டிலை உடைத்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றி எழுதினால் எனக்குக் கோபம் வந்து கடிதம் திசைமாறிவிடும், விடுங்கள்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. தினமும் அணை நீர்மட்டம் என்று பெட்டிச் செய்தி போடுகிறீர்கள், சோலையாறு, பரம்பிக்குளம், ஆழியாறு எல்லாம் அதில் இருக்கின்றன. அதிரப்பள்ளிக்குப் போகச் சொல்லி எழுதுகிற நாளில் அதே பக்கத்தில் பெரிங்கல்குத்து மட்டத்தையும், மேலணைகளில் திறப்பு ஏதும் உண்டா என்பதையும் சேர்த்துப் போடுங்கள். உங்கள் சாலக்குடி அல்லது திருச்சூர் செய்தியாளர் ஒரு தொலைபேசி அழைப்பில் வாங்கித் தருவார். அப்புறம், இருட்டினால் அந்தக் காட்டுச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள், சாயங்காலத்துக்குள் சோதனைச் சாவடியை அடைத்துவிடுவார்கள் என்பதையும் கொட்டை எழுத்தில் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை கடைசி நேரத்தில் குழந்தைகளோடு வந்து சேர்ந்து சாவடிக்காரர்களோடு மல்லுக்கு நிற்கும் குடும்பங்கள் நிறைய.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பொள்ளாச்சி