செகாமட் அதிர்வு பற்றி நீ கேட்டது

அன்புள்ள ராஜு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு முழங்கால் வலி அப்படியேதான். சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்.

2025 ஆகஸ்டில் ஜொகூரின் செகாமட் ஆடியதும், "நம் நாட்டில் நிலநடுக்கம் வராது என்றுதானே வாத்தியார் சொன்னார்?" என்று எழுதியிருக்கிறாய். அவர் சொன்னதில் பாதி சரி. பூமியின் மேலோடு பெரிய பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது; நம் மலேசியத் தீபகற்பம் அப்படியொரு தட்டின் விளிம்பில் இல்லை, உள்ளே தள்ளி இருக்கிறது. ஆனால் நம் பாறைக்குள்ளும் பழைய பிளவுகள் உண்டு. கோலாலம்பூருக்குப் பக்கத்தில், பகாங்கில் இருக்கும் புக்கிட் திங்கியில் 2007 கடைசியில் தொடங்கி 2009 வரை சின்னச் சின்ன அதிர்வுகள் விட்டுவிட்டு வந்தன. செகாமட்டில் வந்ததன் ரிக்டர் அளவு 4.1. பிளவின் இரண்டு பக்கமும் நகரப் பார்க்கும், உராய்வு விடாது. மழையில் உப்பிப்போன மேசை இழுப்பறை மாதிரி, எவ்வளவு இழுத்தாலும் அசையாது, பிறகு ஒரேயடியாகக் கையோடு வந்துவிடும். அந்த ஒரேயடிதான் நிலநடுக்கம்.

ஆனால் என் கவலை சுமத்ராவைப் பற்றித்தான். அங்கே பாரிசான் மலைத்தொடரை ஒட்டி ஏறக்குறைய 1,900 கிலோமீட்டருக்கு ஒரு பிளவு ஓடுகிறது. அதற்கும் மேற்கே, கடலடியில், ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் புகுந்துகொண்டிருக்கிறது. 2022 பிப்ரவரியில் பாசாமானில் 6.1 வந்த காலை, எங்கள் வீட்டுச் சாமி மேடையின் தொங்குவிளக்கு காற்றே இல்லாமல் ஆடியது. கீழே ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை! படபடவென்ற அதிர்வெல்லாம் வழியிலேயே அடங்கிவிடும். மெதுவாக அசையும் நீண்ட அலைகள்தான் இவ்வளவு தூரம் வந்து சேரும். உயரமான கட்டடம் இயல்பாக அசையும் வேகமும் ஏறக்குறைய அதுவே, அதனால் மேல்மாடிக்காரர்களுக்குத்தான் ஆட்டம் தெரியும். அடியில் இளகிய மண்ணாக இருந்தால் இன்னும் கூடும். 2025 மார்ச்சில் மியன்மாரில் 7.7 வந்தபோது, ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி பேங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரிய கட்டடம் சரிந்ததை நீயும் பார்த்திருப்பாய்.

சுமத்ரா கடலடி நடுக்கத்தால் சுனாமி வந்த 2004 டிசம்பர் 26ஐ நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. காலை ஒன்பது மணிவாக்கில் பினாங்கு அடுக்குமாடிகள் ஆடின. அலை கரைக்கு வந்தது மதியம் ஒரு மணிக்கு மேல். நடுவில் நான்கு மணி நேரம் இருந்தும், கடற்கரையில் இருந்தவர்களை எழுப்பி அனுப்ப ஓர் ஏற்பாடு இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேறு. நாட்டில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் உங்கள் பினாங்கில்தான்.

அதற்குப் பிறகு எச்சரிக்கை ஏற்பாடு வந்தது, கரையில் சைரனும் வைத்தார்கள். நல்லதுதான். இருந்தாலும் நீ தஞ்சோங் பூங்காவில் கடல் பார்த்த வீட்டில் இருப்பவன், அதனால் சொல்கிறேன். வீடு ரொம்ப நேரம் ஆடினால் உடனே வானிலைத்துறையின் அறிவிப்பைப் பார். அன்றைக்குப் பேத்தியைக் கடற்கரைக்கு அனுப்பாதே. கடல் திடீரென்று உள்வாங்கினால் சைரனுக்குக்கூடக் காத்திருக்காமல் மேட்டுக்குப் போய்விடு. முதல் அலை போய்விட்டதே என்று இறங்கியும் வராதே, பின்னால் வருவது பெரிதாக இருக்கலாம். அக்கம்பக்கத்திலும் இதைச் சொல்லி வை.

தைப்பூசத்துக்கு நாங்கள் வருகிறோம். தண்ணீர்மலைக்குச் சேர்ந்தே போகலாம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முனியாண்டி
செந்தூல், கோலாலம்பூர்