செயலாளர் ஆண்டறிக்கை 2025: வேலை தேடுவோருக்கு உதவும் பணி

தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் பொங்கல் விழா, டியூஷன் வகுப்பு, ரத்ததான முகாம் எல்லாம் வழக்கம்போல நடந்தன, செலவு விவரம் பொருளாளர் அறிக்கையில் இருக்கிறது. நான் விரிவாகச் சொல்ல நினைப்பது வேலை விஷயம்.

சமூகநல இலாகா உதவிக்குப் பாரம் நிரப்பித் தரச் சொல்லி கோலாலம்பூர் செந்தூல் அடுக்குமாடிகளிலிருந்து நம்மிடம் வருகிறவர்களில் பலர் உழைக்கத் தெம்புள்ளவர்கள். தனித்து வாழும் தாய்மார்கள், ஆட்குறைப்பில் வெளியே வந்தவர்கள். இவர்களை சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலை தேடும் இணையத்தளத்தில் பதிந்து, வேலைவாய்ப்பு மையத்துக்கும் அவர்களுடன் சேர்ந்து போகிறோம். பதிவு இலவசம்தான், ஆனால் ஒரு அக்காவுக்கு ஈமெயில் திறந்து கொடுத்தது கைப்பேசிக் கடைக்காரர், கடவுச்சொல் யாருக்கும் தெரியாது, ஓடிபி போவதோ ஜொகூரில் வேலை செய்யும் மகனின் நம்பருக்கு. இதைச் சரிசெய்யவே அரைநாள் ஓடிவிட்டது.

வேலையில் சேர்ந்தால் உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற பயமும் பலருக்கு உண்டு. வருமானம் மாறினால் இலாகா மறுபரிசீலனை செய்யும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம், கூடவே 1,700 வெள்ளி (ரிங்கிட்) குறைந்தபட்சச் சம்பளம், இபிஎஃப் என்ற சேமநிதி, சொக்சோ சந்தா எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். பிப்ரவரி 2025இல் வந்த இந்தச் சம்பளம் ஆகஸ்டிலிருந்து ஐந்து பேருக்குக் குறைவான ஆட்களை வைத்திருக்கும் சின்னக் கடைகளுக்கும் பொருந்தும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. வேலை இழந்தவர்களுக்கு உதவித்தொகை தரும் சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டம் 2018இலிருந்து நடப்பில் இருக்கிறது, ஆட்குறைப்பில் வேலை போனவர்கள் 60 நாட்களுக்குள் மனுப் போட வேண்டும். நம்மிடம் வந்த ஒரு தம்பி கெடு முடிந்த பிறகுதான் வந்தார். அந்தத் திட்டத்துக்குச் சந்தா கட்டியவர், விவரம் சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது. மனசு கேட்கவில்லை. தயவுசெய்து உங்கள் புளோக்கில் எல்லாரிடமும் இதைச் சொல்லுங்கள்.

வேலை கிடைத்த பிறகு வரும் முதல் மாதம்தான் ஆளைச் சாய்க்கிறது. ஹோட்டல் சமையலறையில் சேர்ந்த ஒருவருக்கு டைபாய்டு ஊசி, உணவு கையாளும் பயிற்சி, கறுப்புக் காலணி, பஸ், ரயிலில் மாதம் முழுக்கப் போக 50 வெள்ளி மை50 அட்டை என எல்லாமே சம்பளத்துக்கு முன் வந்த செலவு. கைமாற்று வாங்கித்தான் சமாளித்தார், அது முடியாதவர்கள் இரண்டாம் வாரமே நின்றுவிடுகிறார்கள். அதைப் பார்த்து சோம்பேறி என்று பேசுவது அநியாயம்.

ஆகவே விழாச் செலவில் ஒரு பகுதியை முதல் மாத உதவிக்கு ஒதுக்க வேண்டும், முடிந்தவர்கள் பிறகு தவணையில் திருப்பித் தரட்டும் என்பதைத் தீர்மானமாகக் கூட்டத்தின் முன் வைக்கிறேன். அப்புறம், வார நாட்களில் ஓய்வாக இருப்பவர்கள் வேலை தேடுவோருடன் வேலைவாய்ப்பு மையத்துக்குத் துணையாகப் போகப் பெயர் கொடுங்கள். மலாய் பேசத் தெரிந்தால் போதும்.