171 நாள் கணக்கு

மேஜர் லீக் பேஸ்போல் அணிகள் முப்பதின் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். நான் ஸ்காபரோவில் ஒரு பண்டகசாலையில் இரவு வேலை செய்கிறவன். கனடாவுக்கு வந்த புதிதில் கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றும் என் கண்ணில் படாது. கையுறை வாங்கித் தரச் சொல்லி மகன் அழுததில் தொடங்கியது இந்தப் பேஸ்போல் பைத்தியம். இப்போது ஹொட்டோக் மலிவாக விற்கும் செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து இரண்டு பேரும் போவோம். இருக்கை மேல்தட்டில், 500 எண் பகுதிகளில். நீங்கள் இருந்து பார்க்கும் கண்ணாடி அறைகள் அங்கிருந்து தீப்பெட்டி அளவுதான்.

எங்கள் ரொறொன்ரோ புளூ ஜேஸ் அணியின் விளாடி, விளாடிமிர் குரேரோ ஜூனியருக்கு 14 ஆண்டுக்கு 500 மில்லியன் டொலர் என்ற செய்தி 2025 ஏப்ரலில் வந்தது. அன்றிரவு எங்கள் சாப்பாட்டறையில் அதுதான் சண்டை. கூட வேலை செய்யும் அண்ணர் ஒருவர், மைக்ரோவேவுக்கு முன்னால் புட்டுப் பெட்டியோடு நின்றபடி விரல் மடக்கி எண்ணினார். "இப்ப அவனுக்கு 26. இது முடியேக்க நாப்பது. நாப்பது வயசிலை ஆர் ஓடப் போறான்? எனக்கு முதுகு பிடிச்சா நாளைக்கே வேறை ஆளைக் கூப்பிடுவாங்கள்."

முதுகு பிடித்து நானும் ஒருமுறை வேலை இழந்தவன்தான். ஆகவே அவருடைய கோபம் எனக்கு விளங்கும். ஆனால் அது போய்ச் சேரவேண்டிய விலாசம் உங்களுடையது.

கவிழ்ந்த ஒப்பந்தங்கள் ஒன்றிரண்டல்ல. பந்தெறியும் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க் 2019இல் வாஷிங்டனுக்கு லீக்கின் இறுதிக் கிண்ணமான உலகத் தொடரை வென்று கொடுத்த கையோடு ஏழாண்டுக்கு 245 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார். அதன்பின் அவர் எறிந்தது எட்டே ஆட்டங்கள். பால்டிமோரின் கிறிஸ் டேவிஸ் ஏழாண்டுக்கு 161 மில்லியன் வாங்கிவிட்டு, 2018 கடைசியிலும் 2019 தொடக்கத்திலுமாகத் தொடர்ந்து 54 தடவை அடி எதுவும் இல்லாமல் திரும்பினார். மட்டையைத் தோளில் சாய்த்தபடி அந்த மனிதர் நடந்து திரும்பிய காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்து நானும் சிரித்தேன். இப்போது அதை நினைக்கக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

என் கோபத்தைத் திருப்பியது கிறிஸ் பிரையன்ட் கதை. 2015 பயிற்சி ஆட்டங்களில் ஒன்பது ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) அடித்த பெடியன். சிகாகோ கப்ஸ் அவரைத் தொடக்க அணியில் சேர்க்கவில்லை. களத்தடுப்பில் இன்னும் தேற வேண்டும் என்று சொல்லிக் கீழ் லீக்குக்கு அனுப்பினார்கள். ஏப்ரல் 17இல் கூப்பிட்டார்கள். ஒரு வீரருக்கு ஒரு முழு ஆண்டுச் சேவை எழுதப்பட 172 நாள் வேண்டும். அந்தப் பருவம் முடிந்தபோது பிரையன்டின் கணக்கில் இருந்தது 171.

ஒரு நாள்! அந்த ஒரு நாளால் அவருக்கு விடுதலை ஒரு வருடம் தள்ளிப் போனது. ஆறு ஆண்டுச் சேவை நிறையாமல் எந்த வீரரும் தான் விரும்பிய அணிக்குப் போக முடியாது என்பது உங்கள் சட்டம். அதில் முதல் மூன்று ஆண்டுக்குப் பெரும்பாலோருக்கு அணி கொடுப்பதுதான் சம்பளம், பேரம் பேச வழியில்லை. 2016இல் பிரையன்ட் லீக்கின் மிகச் சிறந்த வீரர், 108 ஆண்டுக்குப் பிறகு கப்ஸுக்குக் கிண்ணம். அந்த ஆண்டு அவர் வாங்கியது ஏழு லட்சம் டொலருக்கும் குறைவு. வீரர் சங்கம் போட்ட முறைப்பாடு 2020 ஜனவரியில் தோற்றது. எல்லாம் விதிப்படிதான் நடந்ததாம்.

2022இல், 30 வயதில், கொலராடோ அவருக்கு ஏழாண்டுக்கு 182 மில்லியன் கொடுத்தது. அதன்பின் நான்கு பருவங்களில் அவர் 200 ஆட்டம்கூட ஆடவில்லை, உடம்பு விடவில்லை. "தகுதியில்லாத பணம்" என்கிறார்கள். நல்ல முதுகு சிகாகோவுக்குப் போனது, நொந்த முதுகு கொலராடோவுக்கு. இரண்டும் ஒரே முதுகுதான். இளமையில் கொடுக்காமல் விட்ட கூலியை நடுவயதில், வேறொரு முதலாளியிடம், வட்டியோடு வாங்க வேண்டிய நிலையில் ஆட்டக்காரனை வைத்திருப்பது நீங்கள்தான்.

எங்கள் விளாடியின் கணக்கும் கிட்டத்தட்ட அதேதான். 2018இல் கீழ் லீக் ஒன்றில் பத்துத் தடவைக்கு நாலு அடி என்ற சராசரியில் (.402) அடித்தும் அந்த வருடம் மேலே கூப்பிடவில்லை. 2021இல் 48 ஹோம் ரன் அடித்தார். அவ்வருடச் சம்பளம் ஆறு லட்சத்தைச் சற்றே தாண்டியது. இதை அண்ணரிடம் சொன்னேன். "ஆறு லட்சமும் எனக்குப் பெரிசுதான்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, 14 ஆண்டு எதற்கு? 13 எதற்கு? பிரைஸ் ஹார்ப்பருக்குப் பிலடெல்பியா கொடுத்தது 13 ஆண்டுக்கு 330 மில்லியன். சம்பள மொத்தம் எல்லை தாண்டினால் நீங்கள் கட்டும் வரியில் ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரியைத்தான் பார்ப்பார்கள். 13ஆல் வகுத்தால் 25 மில்லியன் சொச்சம். பத்தால் வகுத்தால் 33. அந்தக் கடைசி மூன்று வருடமும் ஆட்டத்துக்கு என்று நான் நம்பவில்லை, வகுத்தலுக்குத்தான் என்பேன். ஷோஹேய் ஓதானியின் 700 மில்லியனில் 680 மில்லியனை 2034 முதல்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸ் கொடுக்கும், அதுவும் வட்டியில்லாமல். சீட்டுப் பிடிக்கிற எங்கள் ஆட்களுக்கே இந்தக் கணக்கைக் கேட்டால் தலை சுற்றும். 40 வயதில் ஓட முடியாது என்பது உங்களுக்குத் தெரியாமலா கையெழுத்துப் போட்டீர்கள்?

சம்பளம் ஏறியதால்தான் டிக்கெட் ஏறியது என்ற கதையையும் தயவுசெய்து விடுங்கள். 40,000 பேர் வரத் தயாராக இருந்தால் விலையை ஏற்றுவீர்கள், ஆட்டக்காரன் இனாமாக ஆடினாலும் ஏற்றுவீர்கள்.

வீரர் சங்கத்தோடு உங்களுக்குள்ள ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1இல் முடிகிறது. சம்பள உச்சவரம்பு வேண்டும் என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். 1994இலும் அதைத்தான் கேட்டீர்கள். ஓகஸ்ட் 12இல் வேலைநிறுத்தம் தொடங்கியபோது 74 வெற்றி, 40 தோல்வியோடு எல்லா அணிக்கும் மேலே நின்றது மொன்றியல். அந்த ஆண்டு உலகத் தொடரே நடக்கவில்லை. பத்து வருடம் கழித்து மொன்றியலில் அணியும் இல்லை. விளாடி பிறந்தது அந்த நகரத்தில், தகப்பன் அந்த அணிக்கு ஆடிக்கொண்டிருந்த காலத்தில்.

மேலே வரம்பு கட்டும் முன் கீழே பாருங்கள். ஆறு ஆண்டை நாலாக்குங்கள். பேரம் பேசும் உரிமையை இரண்டாம் ஆண்டிலேயே கொடுங்கள். 172 நாள் என்ற கத்தரிக்கோலை எடுத்துவிட்டு, ஒரு பருவத்தில் பாதி ஆடினாலே ஓராண்டு என்று எழுதுங்கள். 22 வயதில் 48 ஹோம் ரன் அடிப்பவனுக்கு அந்த வருடமே அதற்கான காசு கிடைத்தால், 40 வயது வரை எழுதித் தா என்று அவன் ஏன் கேட்கப் போகிறான்? நீங்களும் கொடுக்க வேண்டியிராது.

2039இல் விளாடிக்கு 40 ஆகும்போது நானும் ஓய்வு எடுத்திருப்பேன், கால் விட்டால் 500களுக்கு ஏறுவேன். களத்தில் முதலாம் பேஸில் நின்று அவர் ஒரு சுலபமான பந்தை விட்டால் கூச்சல் போடாமல் இருப்பேன் என்று சத்தியம் பண்ண மாட்டேன். பக்கத்தில் மகன் இருந்தால் தீப்பெட்டிகள் பக்கம் திரும்பிப் போடச் சொல்வான்.

இப்படிக்கு,
மேல்தட்டு இருக்கைக்காரன் ஒருவன்
ஸ்காபரோ