நடைபெறவில்லையா, நிறைவுபெறவில்லையா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் பனி ஹொக்கியின் பெரும் பரிசான ஸ்டான்லி கிண்ணத்தின் வரலாற்றைச் சுருக்கிச் சொன்ன கட்டுரையில், "1919, 2005 ஆகிய இரு ஆண்டுகளிலும் போட்டி நடைபெறவில்லை" என்றொரு வரி வந்திருந்தது. அந்த வரியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 2005 பற்றி எழுதியது சரி. அணி உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் இடையே சம்பளப் பிணக்கு முற்றி, அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டம்கூட ஆடப்படவில்லை. 1919 அப்படியன்று. அவ்வாண்டு மார்ச் 19ஆம் திகதி தொடங்கிச் சியற்றில் நகரில் ஐந்து ஆட்டங்கள் ஆடப்பட்டன. ஆறாவது ஆட்டம் மட்டுமே நின்றது. கிண்ணத்தில் 2005க்குப் பருவம் ஆடப்படவில்லை என்று பொறித்தவர்கள், 1919க்கு மொன்றியல் கனேடியன்ஸ், சியற்றில் மெற்றோபொலிற்றன்ஸ் என்ற இரண்டு அணிகளின் பெயர்களையும் பொறித்துத் தொடர் நிறைவுபெறவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். நடைபெறவில்லை என்பதற்கும் நிறைவுபெறவில்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்ப் பத்திரிகை ஆசிரியர் ஒருவருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஐந்து ஆட்டங்களும் எப்படிப்பட்டவை என்பதைத் தங்கள் கட்டுரையாளர் ஒரு தடவை பார்த்திருந்தால் அந்த வரி வந்திராது. முதல் ஆட்டத்தைச் சியற்றில் 7-0 என வென்றது. இரண்டாவதை மொன்றியல் 4-2 என வென்றது. அந்த நான்கு கோல்களையும் நியூசி லலோண்ட் ஒருவரே போட்டார். மூன்றாவது மீண்டும் சியற்றிலுக்கு, 7-2. நான்காவது ஆட்டத்தில் மொன்றியலின் ஜோர்ஜ் வெசினாவும் சியற்றிலின் ஹாரி ஹோம்ஸும் இரு பக்கமும் கோல்காத்து நிற்க, மேலதிக நேரமும் ஆடியும் ஒரு கோல்தானும் விழவில்லை. ஐந்தாவதில் மூன்று கோல்கள் பின்தங்கியிருந்த மொன்றியல் அவற்றைச் சமப்படுத்தி, மேலதிக நேரத்தில் 4-3 என வென்றது. இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி, ஒரு சமநிலை என இரு அணிகளும் சமமாக நின்ற இந்தத் தொடரை எப்படி நடைபெறாதது என்று எழுத மனம் வந்தது?

இவை இரண்டு வேறு லீக்குகளின் அணிகள் என்பதும் அந்தக் கட்டுரையில் இல்லை. மேற்கே லெஸ்ரர் பற்றிக், பிராங் பற்றிக் என்ற சகோதரர்கள் 1911இல் தொடங்கிய பசிபிக் கரையோர ஹொக்கிச் சங்கம். கிழக்கே தேசிய ஹொக்கிச் சங்கம், 1917 நவம்பர் முதல் அதன் இடத்தில் இன்றைய தேசிய ஹொக்கி லீக். 1914 தொடக்கம் இரு பக்கத்திலும் முதலிடம் பெற்ற அணிகள் ஒவ்வோர் இளவேனிலிலும் மோதினார்கள். மேற்கில் ஓர் அணிக்கு ஏழு பேர், கிழக்கில் ஆறு பேர் என்பதால் ஓர் இரவு மேற்கின் விதி, மறு இரவு கிழக்கின் விதி என்று மாறிமாறி ஆடினார்கள். தளத்தில் இன்று கிடக்கும் நீலக் கோடுகளும், கோல்காப்பாளர் விழுந்து தடுக்கலாம் என்ற அனுமதியும் அந்த மேற்குச் சங்கம் தந்தவை. அந்தச் சங்கத்தின் பெயர் தங்கள் கட்டுரையில் ஓரிடத்தில்கூட இல்லை. கிண்ணம் 1893 முதல் வழங்கப்பட்டு வருவது; அதை முதலிலிருந்தே தேசிய ஹொக்கி லீக்கின் கிண்ணம் என்று எழுதியிருப்பதும் தவறு.

இது முதல் தடவையுமன்று. 2021இல் சியற்றில் கிராக்கன் அணி ஆடத் தொடங்கியபோது, அந்த நகருக்கு முதன்முதலாக ஹொக்கி வந்திருப்பதாகத் தாங்கள் எழுதினீர்கள். ஸ்டான்லி கிண்ணத்தை வென்ற முதலாவது அமெரிக்க அணி சியற்றில் மெற்றோபொலிற்றன்ஸ்தான். 1917இல் இதே மொன்றியல் கனேடியன்ஸை 3-1 என்ற கணக்கில் வென்றது. அந்தத் தொடரில் பேர்னி மொறிஸ் மட்டும் 14 கோல்கள் போட்டார். அப்போதும் கடிதம் எழுதினேன். அது வெளிவரவுமில்லை, ஒரு வரிப் பதிலும் கிடைக்கவில்லை. ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் நடப்பதுதான் கனடா என்று மேற்குக்கரைத் தமிழர்களாகிய நாங்கள் பல ஆண்டுகளாகத் தங்கள் பத்திரிகையில் படித்து வருகிறோம். சந்தாவும் தவறாமல் கட்டி வருகிறோம்.

நான் வன்கூவருக்கு அருகே ஒரு நகரசபைப் பனித்தளத்தில் 19 ஆண்டுகள் பனியை வழித்துச் சீராக்கும் ஸம்போனி இயந்திரம் ஓட்டியவன். மார்ச் கடைசியில் இந்தக் கரையோரத்தில் காற்று ஈரமாகிவிடும். தளம் இறுகாது, சறுக்குக் காலணி திரும்பும் ஒவ்வோர் இடத்திலும் பனித்தூள் குவிந்து, பத்து நிமிடத்தில் மாக் குழைத்தது போலாகிவிடும். அந்த இயந்திரம் 1949இல்தான் வந்தது. 1919இல் கையால் வழித்து, நீர் ஊற்றி உறையவிட்ட தளத்தில், மாற்றுக்கு ஆள் போதாமல், ஒரு பதினொரு நாளுக்குள் ஐந்து ஆட்டங்களை ஆடியவர்களின் கால்கள் எப்படி இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

2020 மார்ச் நடுப்பகுதியில் தொற்றுக் காரணமாக எங்கள் தளத்தை மூடச் சொன்னார்கள். மறுநாள் சிறுமிகளுக்கான இறுதியாட்டம். என் பேத்திக்கு அப்போது பன்னிரண்டு வயது, அவளே கோல்காப்பாளர். அரையிறுதியில் அவள் நின்ற இடத்தில், கம்பங்களுக்கு நடுவே, சறுக்கணியால் குறுக்கும் நெடுக்கும் கீறி வைத்த தடங்கள் அப்படியே கிடந்தன. குளிரூட்டியை நிறுத்திய பிறகு அந்தத் தடங்கள் மெதுவாக நீரில் மூழ்குவதை நின்று பார்த்தேன். அடுத்த ஆண்டு அந்தப் போட்டியை நடத்திய கழகம் தன் வெற்றியாளர் பெயர்ப்பலகையில் 2020க்கு நேரே எழுதியது, "போட்டி நடைபெறவில்லை" என்பதுதான். "அப்ப நாங்கள் விளையாடினது என்ன, தாத்தா?" என்று அவள் கேட்டாள். கழகத்துக்கு இரண்டு தடவை எழுதினேன், மாற்றவில்லை. அதே சொல்லைத் தங்கள் பத்திரிகையிலும் பார்த்தபோது பொறுக்க முடியவில்லை.

1919இல் அந்த ஆறாவது ஆட்டம் ஏப்ரல் முதலாம் திகதி நடைபெற இருந்தது. சில மணித்தியாலங்கள் இருக்கையில் கைவிடப்பட்டது. மொன்றியல் வீரர்கள் பலரும் முகாமையாளர் ஜோர்ஜ் கென்னடியும் இன்ஃபுளுவென்சாக் காய்ச்சலில் படுக்கையில் கிடந்தார்கள். ஆட முடியாததால் கிண்ணத்தைச் சியற்றிலுக்கே விட்டுக்கொடுப்பதாகக் கென்னடி சொன்னார். நோயால் வந்த வெற்றி தனக்கு வேண்டாம் என்று சியற்றிலின் பயிற்றுநர் பீற் முல்டூன் மறுத்துவிட்டார். கட்டுரையாளர் ஒரு வரி எழுத வேண்டுமென்றால் அதை எழுதியிருக்கலாம். ஐந்தாவது ஆட்டத்தின் நடுவிலேயே உடல் தாளாமல் வெளியேறிய மொன்றியலின் ஜோ ஹோல், ஏப்ரல் 5ஆம் திகதி நியூமோனியாவால் சியற்றில் வைத்தியசாலையில் இறந்தார். அவருக்கு 37 வயது. கென்னடியும் முழுமையாகத் தேறாமலே 1921இல் காலமானார்.

ஜோ ஹோல் வன்கூவரில், பிரேசர் வீதியோரம் உள்ள மவுண்டன் வியூ மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். எங்கள் கடைத்தெருவுக்குப் போகும் வழி அது. பேத்தியை அழைத்துக்கொண்டு ஒரு நாள் அங்கே போய் நின்றிருக்கிறோம். பிறகொரு கோடை விடுமுறையில் சியற்றிலுக்கும் போனோம். ஐந்தாம் அவெனியூவில் அந்த ஐந்து ஆட்டங்களும் நடந்த அரங்கு, 1924இலேயே கார்த் தரிப்பிடமாக மாற்றப்பட்டது. இப்போது அங்கே நிற்பது உயர்ந்த அலுவலகக் கட்டடம். அதன் எதிரே நின்று ஒவ்வோர் ஆட்டத்தின் கோல் கணக்கையும் அவளுக்குச் சொன்னேன். அவள் மறக்கவில்லை. தங்கள் கட்டுரையைக் கண்டுபிடித்து என்னிடம் காட்டியவளும் அவளே.

ஆகவே நான் கேட்பது அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம். 1919இல் ஐந்து ஆட்டங்கள் ஆடப்பட்டன என்றும், தொற்றினால் தொடர் நிறைவுபெறவில்லை என்றும் அதே விளையாட்டுப் பக்கத்தில், அதே எழுத்தளவில் வெளியிடுங்கள். 2021இல் நான் எழுதிய கடிதத்தின் படி என்னிடம் இருக்கிறது. வேண்டுமானால் அதையும் அனுப்பி வைக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகாலச் சந்தாதாரர்,
பேர்ணபி, பிரிட்டிஷ் கொலம்பியா